கஞ்சி குடித்த ராணுவ வண்டி

கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் நான் இறங்கியபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. கையில் ஒரே ஒரு பை. அதில் இரண்டு மாற்றுடைகளும் என் மருந்துகளும் ஒரு வண்டிச் சாவியும் இருந்தன. சாவியை வசந்தாவின் கைப்பையிலிருந்து எடுத்திருந்தேன். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் நின்றுபோயிருந்த அவளுடைய வண்டியைச் சரிசெய்து, நானே சென்னைக்கு ஓட்டி வந்துவிடவேண்டும் என்பதைத் தவிர இப்பயணத்துக்கு வேறு நோக்கம் இல்லை.

வசந்தா என் மனைவி, கால்நடை மருத்துவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், வாரத்தில் நான்கு நாள் மலையில் தங்கி ஆடுமாடுகளுக்கு வைத்தியம் பார்த்துவந்தாள். அங்குள்ள மண்தடங்களில் ஏறக்கூடியது இதுதான் என்று ராணுவம் கழித்துவிட்ட ஒரு பழைய வண்டியை ஏலம் எடுத்தவரிடமிருந்து வாங்கினாள். முன்னால் இரண்டு இருக்கை, பின்னால் திறந்த தொட்டி, நான்கு சக்கரங்களுக்கும் இழுவை. ஊரார் அதை ‘மிலிட்டரி’ என்றே அழைத்தனர். சென்ற மழைக்காலத்தில் வார இறுதியில் வீடு வந்தவள் காய்ச்சலில் படுத்து, அந்த வாரமே போய்விட்டாள். அவளுக்கு உதவியாக இருந்த சவரி என்பவர் வண்டியைக் கிழங்கு ஏற்றப் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று தொலைபேசியில் கேட்டார். சரி என்றேன்; மாற்றுச் சாவி ஒன்று அங்கேயே இருந்தது. அண்மையில் மறுபடி அழைத்தார். “வண்டி திடீர்னு நின்னு போச்சி சார்” என்றார். எதனால் என்று கேட்டதும் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அவ்வண்டியை ஆண்டுக்கணக்கில் பழுதுபார்த்தவர் பாஷா பாய். கச்சிராயபாளையம் சாலையில் தகரக் கூரை போட்ட பட்டறை. நான் யாரென்று சொன்னதும் எழுந்து கை துடைத்துக்கொண்டார்.  நாற்காலியின் மேலிருந்த பற்சக்கரத்தை எடுத்துக் கீழே வைத்தார்.

“வர்றேன் சார், நாளைக்கே வர்றேன். ஆனா ஒண்ணு சொல்லிட்றேன். அந்த இஞ்சினு மேல மூடியிருக்கற ஹெட்டக் கழட்டற வேல வந்துச்சுன்னா முடிஞ்சிச்சி. உள்ள வெக்கற பாக்கிங் இப்ப எங்கியும் கெடைக்காது. போல்ட்டுங்க வேற துரு ஏறிப்போயி ஸ்பானர் வெச்சாலே முறியும். ஹெட்டத் தொடாம ஆவற வேலைன்னா ஓட வெச்சிடலாம். இல்லாங்காட்டி பழைய இரும்பு எடைக்குத்தாங்க.”

மதிய உணவுக்குப் போன இடத்தில் என் எதிரே முன்பின் அறியாத ஒருவர் வந்தமர்ந்தார். சென்னையில் எங்கள் குடியிருப்பின் மின்தூக்கியில் பல ஆண்டுகளாக உடன் வருபவரின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. இங்கே சாம்பார் வருவதற்குள் இவர் விதை விற்பவர் என்பதும், எலவனாசூர்கோட்டையில் வீடு என்பதும், மூத்த பெண் செவிலியர் படிப்பில் இருப்பதும் தெரிந்துவிட்டன. பிறகு என் முறை.

“உங்க வூட்ல எத்தினி பேருங்க?”

“நான் மட்டுந்தான்.”

 அவர் மோர்ப் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தினார். “இங்க மோரு நல்லாருக்குங்க. ஊத்திக்கோங்க.”

மறுநாள் காலைப் பேருந்தில் பாஷா பாயும் நானும் மலையேறினோம். அவர் மடியில் கருவிகள் கொண்ட கோணிப்பை. முன் இருக்கையில் ஒரு தம்பதி, கோழி ஒன்றை யார் வைத்துக்கொள்வது என்று ஓயாமல் பூசலிட்டு வந்தனர். நான்காவது கொண்டை ஊசி வளைவில் பேருந்து இருமி நின்றது. விசிறிப் பட்டை அறுந்துவிட்டதாம். பயணிகள் எவரும் பதறவில்லை. இறங்கி, மரநிழலில் பரவி, அவரவர் மூட்டையை அவிழ்த்துத் தின்னத் தொடங்கினர்.

“பாய் சாமான் பையோட குந்திகினு கீறாரு இல்ல, அத்த வண்டி பாத்துட்சி. அதான் சொகமா நின்னுட்சி” என்றார் கோழிக்காரர்.

“உன் கோயி எட தாங்காம நின்னுட்சின்னு சொல்லு” என்றபடியே பாய் இறங்கிப் போனார். ஓட்டுநர் எடுத்துத் தந்த பழைய பட்டையை மாட்டி முடுக்கிவிட்டு வந்தார். பேருந்து புறப்பட்டதும் கோழி எப்படியோ என் காலடியில் வந்து சேர்ந்திருந்தது. வெள்ளிமலை வரை அது என் செருப்பைக் கொத்திக்கொண்டு வந்தது. அன்று அதுவும் ஒரு துணை.

வெள்ளிமலையிலிருந்து ஊருக்குப் பேருந்து இல்லை. மரவள்ளிக் கிழங்கு ஏற்றப் போன டிராக்டரின் பின்தொட்டியில் நின்றபடி சென்றோம். இருபுறமும் மரவள்ளித் தோட்டங்கள். இடையிடையே சாமை விளைந்த மேடுகள். மலைக்காற்று குளிர்ந்திருந்தது. வசந்தா இவ்வழியைப் பற்றி எவ்வளவோ சொல்லியிருக்கிறாள். ஆனால் இவ்வளவு வெளிச்சம் என்று சொன்னதாக நினைவில்லை.

வசந்தாவின் வண்டி ஊரில் ஒரு புளியமரத்தின் கீழ் நின்றிருந்தது. ராணுவப் பச்சையின் மேல் யாரோ பூசிய வேறொரு பச்சை பொரிந்து, அடியில் இருந்த பழைய எண்களின் வெள்ளை தெரிந்தது. தொட்டியில் காய்ந்த கிழங்குத் தோல்கள். பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றிலும் கூடினர். எல்லாரும் எனக்கு வணக்கம் சொன்னார்கள். வசந்தா கைவைத்துப் பிழைத்த பசுக்களையும் ஆடுகளையும் ஒவ்வொன்றாக அடையாளம் சொன்னார்கள். வண்டியைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. குள்ளமான, அகன்ற தோள்கள் கொண்ட சவரி, முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தார்.

பாய் முன்மூடியைத் தூக்கி, ரேடியேட்டரின் மூடியைத் திருகி எடுத்தார். உள்ளே பார்த்தார். விரலை விட்டார். எடுத்த விரலின் நுனியில் கலங்கலான, கண்ணாடி போன்ற ஏதோ ஒன்று தொங்கி ஆடியது.

“சவரி.”

“பாய்.”

“இன்னாடா இது?”

“தண்ணிதான் பாய்.”

“தண்ணி எப்பிட்றா தொங்கும்?”

கூட்டம் முழுவதும் புளியமரத்தின் உச்சியை ஆராய்ந்தது. சவரியின் மனைவி பிலோமினா, இடுப்பில் குழந்தையுடன், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “சொல்லித் தொலையேன். மாவு போட்டன்னு சொல்லு. சாருதான் அவ்ளோ தொலவுலர்ந்து வந்து கீறாரு.”

நடந்தது இதுதான். ரேடியேட்டரில் சிறு ஒழுக்கு. ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போட்டால் துளை அடைபடும் என்பது நம் ஓட்டுநர்கள் எல்லாரும் அறிந்த கைவைத்தியம். சவரியிடம் அன்று மஞ்சள் இல்லை. பின்னால் ஒரு மூட்டை மரவள்ளி மாவு இருந்தது.

“மஞ்சத் தூளே அடைக்குதுன்னா மாவு இன்னும் கெட்டியா அடைக்கும்னு நெனச்சேன் சார். ஒரு படி போட்டேன். ஒழுவறது நின்னுட்சி சார், அது மெய்தான். அப்பறம் கொஞ்ச தூரம் போனா கஞ்சி தீயற வாசன. ஒடனே நிறுத்திட்டேன்.”

“வண்டிக்குச் சளி புட்சிகிச்சோ, கஞ்சி ஊத்தி கீறான்!” என்று கூட்டத்தில் ஒருவர் சொல்ல, அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு வெடித்தது. பாய் சிரிக்கவில்லை. இன்ஜினின் நீர்வழிகள் முழுக்கக் கூழ் இறுகிக் கிடக்கிறது. அதை எடுக்க ஹெட்டைக் கழற்றவேண்டும். ஹெட்டைக் கழற்றினால் வண்டி எடைக்கு. இதை என்னிடம் மெல்லிய குரலில், ஒரு மருத்துவர் சொல்வதைப் போலச் சொன்னார்.

அன்று மாலை பிலோமினா எனக்கு வேகவைத்த மரவள்ளிக் கிழங்கும் மிளகாய்ச் சட்னியும் கொடுத்தார். வசந்தா தங்கியிருந்த அறையைத் திறந்துவிட்டார்கள். ஓட்டுக் கூரை போட்ட ஒற்றை அறை. ஆணியில் மழையங்கி, கட்டிலடியில் மருந்துப் பெட்டி, சுவரோரம் ரப்பர் காலணிகள். அறை பெருக்கியிருந்தது. கட்டிலில் உட்கார்ந்து கிழங்கைத் தின்றேன். கிழங்கின் ஒட்டும் தன்மையை நாக்கில் உணர்ந்தபடி, எத்தனையோ ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய ஒன்றை நினைத்துக்கொண்டேன். நான் உயிர்வேதியியல் கற்பித்தவன். முளைவிடும் தானியம் தன் மாவுச்சத்தைத் தானே கரைத்துக்கொள்ள ஒரு நொதியைச் சுரக்கிறது. எந்த மாவுக் கூழானாலும் அந்நொதி பட்டால் நீர்த்துவிடும்.

வெளியே சென்று, முளைகட்டிய கேழ்வரகு கிடைக்குமா என்று பிலோமினாவைக் கேட்டேன்.

“மொளகட்டிக் காய வெச்சி அரச்ச மாவே கீது சார், கொயந்தைக்கு. பசிக்குதா?”

எதற்கென்று சொன்னேன். அவர் வியப்படையவில்லை. “ஆமா, அந்த மாவுல காய்ச்சினா கூழு கெட்டியே ஆவாது. கெட்டியா ஆன கூழுல கொஞ்சம் கலந்தாகூட தண்ணியாப் பூடும். அதான் கொயந்தைக்கு வெக்கறது” என்றவர், உடனே கணவர் பக்கம் திரும்பினார். “கேட்டியா? உம்புள்ள சோத்த எடுத்து இஞ்சினுக்கு ஊட்டணுமாம். நல்லா வேல வெச்ச நீ!”

மூன்றாம் நாள் முழுவதும் அவ்வேலையில் போயிற்று. பாய்க்கு நம்பிக்கை இல்லை. “இஞ்சினுக்கு ஆப்பம் சுடப் போறீங்களா சார்?” என்று கேட்டபடி, ரப்பர்க் குழாய்களைக் கழற்றிக் கொடுத்தார். நீர் கொதிக்கக் கூடாது. கொதித்தால் நொதி செத்துவிடும். ஆறியும் போகக் கூடாது. கைபொறுக்காத சூடு வேண்டும். மருந்துப் பெட்டியில் மாடுகளின் காய்ச்சலைப் பார்க்கும் வெப்பமானி இருந்தது. அதன் அளவுக்கோடுகள் எனக்கு வேண்டிய சூட்டுக்கு வெகு முன்பே முடிந்துவிட்டன.

“நல்லதாப் போச்சி” என்றார் பாய். “அத்த மாட்டுக்கு வெக்கற எடம் வண்டிக்கு எங்கன்னு தேடிகினு கெடக்கணும்.”

விரல்தான் அளவுகோலாயிற்று. பிலோமினா அண்டாவில் நீரைச் சுடவைத்தார். நான் விரலை விட்டுப் பார்த்துச் சரி என்றதும் மாவைக் கரைத்தார். சவரி குடம் குடமாகச் சுமந்துவந்து இன்ஜினின் மேல்வாயில் ஊற்றினார். சூடு தங்குவதற்காகக் கோணிகளாலும் ஒரு கம்பளியாலும் போர்த்தினோம். போர்வைக்குள் அந்த இன்ஜின் படுத்திருந்த விதத்தை நான் வெகுநேரம் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க விறகு அடுக்கப் போனேன்.

ஒரு மணி நேரம் கழித்து பாய், இன்ஜினின் அடியில் நீர் வடிக்கும் திருகைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கம்பியால் குத்தினார். கூழ் ஒரு கட்டியாக நழுவி விழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு நாங்கள் ஊற்றிய நீர், பழுப்பேறி, மெல்லிய பாயசம்போல் ஒழுகி வந்தது. சவரி அதைக் கையில் ஏந்தி, நாக்கில் வைத்தார்.

“சார், இனிக்குது!”

இனிக்கத்தான் வேண்டும். மாவு சர்க்கரையாகிக்கொண்டிருந்தது. துருவும் கலந்திருக்கும், துப்பு என்றேன். அதற்குள் ஊரின் நாய் இரண்டு வந்து வண்டிக்கடியில் நக்கத் தொடங்கிவிட்டன. பாய் அவற்றைத் துரத்தவில்லை. தரையில் குந்தி, வடியும் நீர் தெளிவதையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஹெட்டத் தொடாமலே எறங்குதேங்க” என்று இரண்டு முறை சொன்னார். மறுபடி மறுபடி நிரப்பி வடித்தோம். இருட்டுவதற்குள், ஊற்றிய ஓடைநீர் ஓடைநீராகவே வெளியே வந்தது. குழந்தையின் மாவு டப்பா காலி. அன்றிரவு அது பால் குடித்துத் தூங்கிற்றாம்.

நான்காம் நாள் காலை பாய் ரேடியேட்டரின் ஒழுக்கை ஈயம் வைத்து அடைத்தார். இன்ஜினைக் கிளப்பிவிடும் செல்ஃப் மோட்டாரைப் பிரித்துத் துடைத்து மாட்டினார். “அம்மா இருந்தப்ப இந்த செல்ஃப சரி பண்ண நேரமே குடுக்கல. ஒருநா வண்டிய விட்டுட்டுப் போங்கன்னா, அங்க ஒரு மாடு, இங்க ஒரு ஆடுன்னு ஓடிகினே இருப்பாங்க.”

சாவியை நான்தான் கொடுத்தேன். பாய் திருகினார். இன்ஜின் இருமுறை மூச்சுவாங்கி, மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது. பிறகு அதிர்வு அடங்கித் தாழ்ந்த, சற்றே நொண்டும் ஒரு சீரான உறுமலுக்கு வந்து நின்றது. ஊரார் கைதட்டினர்.

அந்த ஓசை எனக்குத் தெரியும். இந்தப் பயணத்துக்கு முன் நான் இவ்வண்டியைப் பார்த்ததுகூட இல்லை. ஊருக்கும் வெள்ளிமலைக்கும் நடுவே ஒரு மேட்டில் மட்டும் கைப்பேசிக்குச் சமிக்ஞை கிடைக்கும். மலையில் இருக்கும் நாள்களில் மாலைதோறும் வசந்தா அங்கே வண்டியை நிறுத்தி என்னை அழைப்பாள். இன்ஜினை நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்பதால் அதை அணைக்கமாட்டாள். என்ன பேசினாலும் அவள் குரலுக்குப் பின்னால் இவ்வுறுமல் இருக்கும். இப்போது புளியமரத்தடியில் அதைக் கேட்டபோது, அடுத்து வரவேண்டிய குரலுக்காக நான் காத்துநிற்கிறேன் என்பது சற்று நேரம் கழித்தே எனக்குத் தெரிந்தது.

“இன்னா சார், சத்தம் சரியில்லியா?” என்றார் பாய்.

“சரியாக இருக்கிறது.”

வெள்ளிமலை வரை நானே ஓட்டினேன். ஓட்டுநர் இருக்கை வசந்தாவின் உயரத்துக்கு முன்னால் தள்ளப்பட்டு, அவ்விடத்திலேயே துருப்பிடித்து இறுகியிருந்தது. முழங்கால்கள் ஸ்டீயரிங்கில் இடித்தன. தட்டி நகர்த்தித் தரட்டுமா என்று பாய் கேட்டார். வேண்டாம் என்றேன். சவரியும் பிலோமினாவும் நான்கு மூட்டைக் கிழங்குடன் தொட்டியில் ஏறிக்கொண்டனர். எப்படியும் போகிற வண்டிதானே.

வெள்ளிமலைக் கடைத்தெருவில் பாய் முன்மூடியைத் திறந்து, ஆறவிட்டு, ரேடியேட்டருக்குள் பார்த்தார். நீரில் சிறு குமிழிகள் கிளம்பி உடைந்தன. அவர் என்னைத் தனியே அழைத்துச் சென்று தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

“அன்னிக்கு சூடாச்சில்ல, ஹெட் லேசா வளஞ்சிருக்குங்க. மல மேலயே ஓட்டினா ஓடும். குளிரு காத்து, தூரம் கம்மி, எங்க பாத்தாலும் ஓடத் தண்ணி. ஆனா நீங்க மெட்ராசுக்கு இஸ்துகினு போனீங்கன்னா, உளுந்தூர்பேட்ட தாண்டாது. அதோட முடிஞ்சிச்சி. ஓணும்னா சொல்லுங்க, லாரில ஏத்தி அனுப்பிட்றேன். வூட்ல நிக்கட்டும்.”

வீட்டில் நிற்பதை எண்ணிப் பார்த்தேன். எங்கள் குடியிருப்பின் நிலவறையில், தூண்களுக்கிடையே, உறைபோட்ட கார்களோடு இதுவும் நிற்கும். வார இறுதிகளில் நான் கீழே இறங்கிப் போய்ப் பார்ப்பேன். அங்கே இன்ஜினை ஓடவிட்டால் காவலாளி ஓடிவருவார். நான் மலைக்கு வந்தது இதை எடுத்துப்போவதற்காக. எடுத்துப்போவதென்றால், ஓடாத ஒன்றைத்தான் எடுத்துப்போக முடியும்.

பிலோமினா மூட்டைகளை இறக்கிவிட்டு வந்தார். தேநீர்க் கடையில் பேசியது அவர் காதிலும் விழுந்திருந்தது. சவரி கேட்கத் தயங்குவதை அவர் சுற்றி வளைக்காமல் கேட்டார். “எடுத்துக்கினு போறது உங்க இஸ்டம் சார். அம்மா பொருளு. இருந்தா எங்களுக்கு ஒத்தாச, இல்லாங்காட்டி தலச்சுமதான். எதுவாருந்தாலும் இப்பவே சொல்லிடுங்க. இந்தாளு ராத்திரி பூரா தூங்காம பொரண்டுகினு கீறாரு.”

வண்டியை ஊருக்கே திருப்பினேன். அன்றிரவும் அந்த அறையிலேயே தங்கினேன். விடிந்ததும் சவரியைக் கூட்டிக்கொண்டு வெள்ளிமலைக்கு வந்தேன். கீழே போகும் பேருந்து நின்றிருந்தது. இரவு வெள்ளிமலையிலேயே தங்கிவிட்ட பாய் முன்பே ஏறி எனக்கு இடம் போட்டிருந்தார். சாவியைச் சவரியிடம் நீட்டினேன்.

“இனி இதில் தண்ணீரைத் தவிர வேறெதுவும் ஊற்றக் கூடாது.”

“சத்தியமா சார்.”

“மஞ்சளும் கூடாது.”

“ஐயோ, எதுவும் போட மாட்டேன் சார்.” கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

“இன்னொன்று. மேட்டில் போன் கிடைக்கும் இடத்தில், வாரத்தில் ஒரு நாள் மாலையில், வண்டியை நிறுத்தி எனக்கு ஓர் அழைப்பு கொடுக்கவேண்டும். இன்ஜினை அணைக்காமல்.”

“இப்பதான் செல்ஃப் நல்லா கீதே சார். நிறுத்திட்டே பேசலாம், கிளம்பிக்கும்.”

“நிறுத்தவேண்டாம்.”

“சரி சார். இன்னா பேசணும்?”

“எதுவும் பேசவேண்டாம்.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பேருந்தின் பக்கம் பார்த்தார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நடத்துநர் சீழ்க்கை அடித்தார்.

வீடு திரும்பிய வாரத்தின் வியாழக்கிழமை மாலை கைப்பேசி ஒலித்தது. எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். மறுமுனையில் அந்த உறுமல் இருந்தது. அதன் நொண்டலும் இருந்தது. சவரி சொன்ன சொல் தவறாமல் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்தார் போலும். காற்று ஒருமுறை கைப்பேசியில் மோதிப் போயிற்று.

தூரத்திலிருந்து பிலோமினாவின் குரல் நெருங்கி வந்தது. “போன காதுல வெச்சிகினு பேசாம இன்னாத்துக்கு நிக்கற? பெட்ரோலு எரியுது பாரு, நிறுத்தேன் வண்டிய!”

“சும்மா இரு” என்றார் சவரி, தாழ்ந்த குரலில். “சாரு கேட்டுக்கினு கீறாரு.”

கேட்டுக்கொண்டிருந்தேன்.